முடியாது சார்!

தூத்துக்குடி ஓடுதளம் நீண்டுவிட்டது; தனி ஜெட்கள் இனி நேராக வந்து இறங்கலாம். அவற்றை ஓட்டுகிறவர்களின் பாடு இப்போதுதான் ஆரம்பம்.

தூத்துக்குடிக்கு யார் எந்த விமானத்தில் வரலாம் என்பதை முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரே ஓர் எண் முடிவு செய்துகொண்டிருந்தது: 1,350. வாகைக்குளம் விமான நிலையத்தில் இருந்த ஓடுதளத்தின் நீளம் அது, மீட்டர் கணக்கில். ஏடிஆர் மாதிரியான புரொப்பெல்லர் விமானங்களுக்கு அது போதும். ஜெட்டுக்கு?

கணக்கு இப்படிப் போகும். வாடகைக்கு ஆள் ஏற்றும் ஜெட், ஓடுதளத்தின் 60 சதவீதத்துக்குள் இறங்கி நின்றுவிடும் என்று கிளம்புவதற்கு முன்பே காகிதத்தில் காட்டியாக வேண்டும். 1,350இல் 60 சதவீதம் 810 மீட்டர். மழையில் தளம் நனைந்திருந்தால் இன்னும் 15 சதவீதம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். கையில் மிஞ்சுவது 700 மீட்டர் சொச்சம். எட்டுப் பேர் சாவகாசமாகக் கால் நீட்டி வரும் நடுத்தர ஜெட் அதற்குள் அடங்காது. கோடீஸ்வரரே ஆனாலும் மதுரையில் இறங்கி, மிச்சம் நூற்றைம்பது கிலோமீட்டரைக் காரில்தான் கடக்க வேண்டும்.

2025 ஜூலை 26 அன்று பிரதமர் மோடி இங்கே புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். சுமார் 450 கோடி ரூபாய் செலவு, 17,340 சதுர மீட்டர் கட்டடம், ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்துபோகும் வசதி. ஓடுதளமும் மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 4இல், சிப்காட்டில் வியட்நாம்காரர்களின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியிலேயே அடிக்கல் விழுந்தாயிற்று. துறைமுகம் இருக்கிறது, அனல் மின் நிலையம் இருக்கிறது, திருச்செந்தூர் முருகன் இருக்கிறார். தனி விமானத்தில் வந்திறங்கக் காரணம் உள்ளவர்களுக்கு இனி இந்தக் கரையில் பஞ்சமில்லை.

ஓடுதளம் குட்டையாக இருந்தவரை, ‘முடியாது’ என்று சொல்லும் வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. எந்த முதலாளியும் அளவு நாடாவோடு சண்டை போட மாட்டார். இனி அந்த வார்த்தையை ஒரு மனிதர் சொல்ல வேண்டும். அதுவும், காசு கொடுத்தவர் முகத்துக்கு நேரே. வாடகை விமானம் ஓட்டும் சார்ட்டர் விமானியின் தொழிலில் ஆகக் கஷ்டமான பகுதி அதுதான்.

எல்லாம் நாமே

பெரிய விமான நிறுவனத்தில் வேலை செய்யும் விமானி காக்பிட்டுக்குள் வந்து உட்காரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். பாதை போட்டுத் தர ஓர் ஆள், எடைக் கணக்குக்கு ஓர் ஆள், பெட்டி ஏற்றச் சிலர், பயணிகளைக் கவனிக்கச் சிலர். சார்ட்டரில் இவர்கள் எல்லோரும் சேர்ந்து அநேகமாக இரண்டே பேர்: கேப்டன், கோ-பைலட்.

வாகைக்குளத்தில் பயணிகள் இறங்கிக் காரில் ஏறிப் போனதும் இந்த இருவர் செய்வதைப் பார்த்தால் புரியும். கோட் அணிந்தவர் உட்கார்ந்திருந்த இருக்கையில் முறுக்குத் தூள் கிடக்கும். அதைத் தட்ட வேண்டும். சீட் பெல்ட்டை மறுபடி எக்ஸ் போலக் குறுக்காக மடித்து வைக்க வேண்டும். பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள், கசங்கிய பத்திரிகைகள், காபிக் கோப்பைகளைப் பொறுக்க வேண்டும். கழிப்பறையைப் பார்க்க வேண்டும். பிறகு வெளியே வந்து, எஞ்சின் வாய்க்கு மூடி. மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நீளப் பிட்டோ குழாய்க்கு ஓர் உறை. காற்றின் அழுத்தத்தை அளந்து வேகம் சொல்வது இந்தக் குழாய்தான். ஒரு குளவி உள்ளே மண்கூடு கட்டிவிட்டால் வேகமானி பொய் சொல்லும். சிவப்பு ரிப்பன் தொங்கும் அந்த உறையைக் கிளம்பும்போது மறக்காமல் கழற்ற வேண்டும். உப்புக் காற்று அடிக்கும் ஊர் என்பதால், ஒரு ராத்திரி தங்கினாலும் உலோகத்தில் எங்காவது அரிப்பு தொடங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் உண்டு.

திரும்பும் பயணத்தில் வேறு ஒரு கணக்கு. வரும்போது நான்கு பேர் நான்கு கைப்பையோடு வந்திருப்பார்கள். போகும்போது ஆறு பேர். கூடவே மக்ரூன் டப்பாக்கள், யாரோ பிரியமாகக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலம், கோயில் பிரசாதக் கூடை, நினைவுப் பரிசாக ஒரு கல் சிலை. சின்ன ஜெட்டில் மொத்த எடையும் முக்கியம், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். வால்பக்கம் பாரம் கூடினால் விமானம் பறக்கும் விதமே மாறிவிடும். எரிபொருள் கிடைக்காத ஊர் என்றால் திரும்பி வரவும் சேர்த்து முன்பே நிரப்பி வந்திருப்பார்கள். எடைக் கணக்கு இன்னும் இறுகும். “அண்ணாச்சி, சிலையைக் காரில் அனுப்பிவிடலாமே” என்று சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். நாளின் முதல் ‘முடியாது’ பெரும்பாலும் இப்படித்தான் வரும். கருவாட்டின் கதி, காரில் வரும் உதவியாளரின் மூக்கைப் பொறுத்தது.

உட்கார்ந்திருக்கவும் சம்பளம்

விதிப்படி ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரம் வரை பறக்கலாம். விமான நிறுவனங்களில் இருப்பவர்கள் அந்த எல்லையை நெருங்குவார்கள். சார்ட்டரில் அதில் பாதியைத் தொடாதவர்கள் ஏராளம். மற்ற நேரமெல்லாம்? காத்திருப்பு.

தலைவர் கூட்டத்தில் இருக்கிறார். தொழிலதிபர் ஆலையைச் சுற்றிப் பார்க்கிறார். குடும்பம் திருச்செந்தூரில் சண்முகார்ச்சனையில் இருக்கிறது. மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்றவர்களிடமிருந்து நாலரைக்கு ஒரு வாட்ஸ்அப்: ‘கொஞ்சம் லேட்டாகும்.’ அந்தக் கொஞ்சத்துக்கு அளவு கிடையாது. ஆனால் விமானியின் பக்கம் இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று அவருடைய பணி நேரம். காலை ஐந்துக்கு வேலைக்கு வந்தவர் ஓட்டல் சோபாவில் சாய்ந்திருந்தாலும் அது நிற்காது. இன்னொன்று விமான நிலையத்தின் பணி நேரம். சிறிய நிலையங்கள் இரவு முழுக்கத் திறந்திருப்பதில்லை. மூடும் நேரம் தாண்டிப் பறக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டு, கட்டணம் கட்ட வேண்டும். போய்ச் சேரும் ஊரிலும் இதே கதைதான்.

குடும்ப வாழ்க்கை இந்தக் கடிகாரங்களோடு சேர்ந்து ஓடாது. விமான நிறுவனத்தில் அடுத்த மாத டியூட்டி அட்டவணை கைக்கு முன்பே வந்துவிடும். சார்ட்டரில் ஃபோன்தான் அட்டவணை. பெண்ணின் பள்ளி ஆண்டு விழாவுக்கு வருகிறேன் என்று சத்தியம் செய்யாத அப்பாக்களும் அம்மாக்களும் இந்தத் தொழிலில்தான் அதிகம். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது. கிளம்புமுன் ஊதிக் காட்ட வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷுக்கும் தடை. எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று இருப்பவருக்கு இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் ஈடுகொடுப்பதுபோல் சில அழைப்புகள் வரும். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயத்தை எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் இன்னொருவர் உடலில் துடிக்க வைத்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே சுமார் 600 கிலோமீட்டர். காரில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. சிறிய விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் போட்ட ஏர் ஆம்புலன்ஸை ஓட்டுவதும் இதே விமானிகள்தான். அங்கேயும் ஒரு பழைய ஒழுங்கு உண்டு: போக முடியுமா என்று வானிலையைப் பார்த்து விமானி முடிவு சொல்லும்வரை, நோயாளியின் வயது, நிலைமை எதையும் அவரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது என்பார்கள். ‘மூன்று வயதுக் குழந்தை’ என்று கேட்டுவிட்டால் எந்த மேகமும் லேசாகத்தான் தெரியும்.

உப்பளத்துக்கு மேலே

மேலேயிருந்து பார்த்தால் தூத்துக்குடி தனி அழகு. கிழக்கே மன்னார் வளைகுடாவின் தீவுகள், கரையோரம் கட்டம் கட்டமாக உப்பளங்கள், அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், தெற்கே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், இன்னும் தெற்கே செக்கச் சிவந்த தேரிக்காடு. மேற்கே வல்லநாட்டுக் குன்று. வழி தவறவே முடியாத ஊர் என்று தோன்றும்.

காற்றுக்கு இங்கே இரண்டு முகம். ஆனி, ஆடியில் மலைக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்துவரும் மேல்காற்று கச்சான். வாகைக்குளம் ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடப்பதால் அந்தக் காற்று பெரும்பாலும் எதிர்க்காற்றாகவே கிடைக்கும். அது விமானிக்குச் சாதகம், ஆனால் தரைக்குப் பக்கத்தில் உலுக்கும், புழுதியைக் கிளப்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் கதையே வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. மீட்பு வேலைக்கு ஹெலிகாப்டர்கள் வந்தன. அந்த மாதிரி நாளில் பறக்க வேண்டாம் என்று சொல்வதற்குத் தைரியம் தேவையில்லை. சிக்கல் எல்லாம் அரைகுறை நாட்களில்தான்: மேகம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, பார்வைத் தூரம் விதியின் எல்லையில் ஊசலாடுகிறது, முந்தைய விமானம் இறங்கிவிட்டது, காலையில் முகூர்த்தம்.

ஆஸ்பென் போன விமானம்

2001 மார்ச் 29. அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்கு நடுவே இருக்கும் பனிச்சறுக்கு ஊரான ஆஸ்பெனுக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் சார்ட்டர் ஜெட் போகிறது. பயணிகள் தாமதமாக வந்தார்கள். ஆஸ்பெனில் இருட்டிய பிறகு அந்த விமானம் இறங்கக் கூடாது. நேரம் போதாவிட்டால் வேறு ஊரில் இறங்க வேண்டியிருக்கும் என்ற பேச்சு வந்ததும் விமானத்தை வாடகைக்கு எடுத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. விமானி இதையெல்லாம் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும் என்று அவர் தரப்பிலிருந்து சார்ட்டர் நிறுவனத்துக்கு ஃபோன் போனது. விமானம் கிளம்பியது. பனி பெய்துகொண்டிருந்தது, இருட்டிக்கொண்டிருந்தது. ஓடுதளம் கண்ணில் படாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கி, மலைச்சரிவில் மோதியது. பயணிகள் 15 பேர், பணியாளர்கள் மூவர். ஒருவரும் பிழைக்கவில்லை.

விமானக் குழுவின் தவறே காரணம் என்று சொன்ன அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், துணைக் காரணங்களின் பட்டியலில் வாடிக்கையாளர் கொடுத்த அழுத்தத்தையும் எழுதிவைத்தது. உலகம் முழுக்க சார்ட்டர் விமானிகளுக்குப் பாடமாக நடத்தப்படும் கதை இது.

அழுத்தம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. 2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்தில், யாரும் விமானியை நெருக்கியதாக விசாரணை சொல்லவில்லை. பெரிய மனிதரை ஏமாற்றக் கூடாது என்று விமானி தனக்குத் தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் பங்கு வகித்திருக்கலாம் என்றது. மேகத்துக்குள் போனார், திசையுணர்வு தடுமாறியது.

நம் ஊர்க் கணக்கும் நீளமானது. 2001 செப்டம்பர் 30இல் கான்பூர் கூட்டத்துக்குப் போன காங்கிரஸ் எம்.பி. மாதவராவ் சிந்தியாவின் சிறிய விமானம் மோசமான வானிலையில் உத்தரப்பிரதேசத்தின் மெயின்புரி அருகே விழுந்தது. 2004 ஏப்ரல் 17இல் நடிகை சௌந்தர்யா தேர்தல் பிரசாரத்துக்காகப் பெங்களூரு ஜக்கூரிலிருந்து கிளம்பிய செஸ்னா சில நிமிடங்களிலேயே நொறுங்கியது. 2009 செப்டம்பர் 2இல் அப்போதைய ஆந்திர முதல்வர் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி போன ஹெலிகாப்டர் மழைக்கு நடுவே நல்லமலைக் காட்டில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் எங்கோ ஒரு கூட்டமோ நிகழ்ச்சியோ காத்திருந்தது. அதனால்தான் முக்கியப் பிரமுகர்களின் பயணத்துக்கு இரட்டை எஞ்சின், இரண்டு விமானிகள் என்றெல்லாம் நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) தனியாக விதி வைத்திருக்கிறது.

வ.உ.சி. எடுத்த வாடகைக் கப்பல்

வாடகை வாகனத்தில் யார் பேச்சு எடுபடும் என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, சொந்தக் கப்பல் இல்லாமல், பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்துத்தான் தூத்துக்குடி-கொழும்பு வழியில் ஓட்டினார். போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இலங்கையிலிருந்து வேறொன்றை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்த வ.உ.சி., பிறகு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கம்பெனிக்கே சொந்தமாக்கினார்.

அவருக்குச் சொல்லப்பட்ட ‘முடியாது’ வியாபார மிரட்டலுக்குப் பணிந்து வந்தது. விமானியின் ‘முடியாது’ நேர்மாறானது. எந்த மிரட்டலுக்கும் பணியாமல் வர வேண்டியது. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. விமானத்தில் கடைசி முடிவு கேப்டனுடையது. உரிமையாளர் அருகில் உட்கார்ந்திருந்தாலும் அதில் மாற்றமில்லை. ஆனால் சட்டம் வேலையைக் காப்பாற்றித் தராது. நூற்றுக்கணக்கில் விமானிகள் உள்ள நிறுவனத்தில் ஒருவர் மறுத்தால், விமானம் தாமதம் என்று பலகையில் எழுத்து ஓடும். அவர் பெயர் பயணிக்குத் தெரியாது. ஒரே விமானம், நாலைந்து விமானிகள் உள்ள இடத்தில் மறுத்தவரின் முகம் மறக்காது. அடுத்த முறை ‘அந்த கேப்டன் வேண்டாம்’ என்று ஒரு குறிப்பு போனால் போதும்.

கயிறு பிடித்தவர்

இந்த இக்கட்டில் விமானிக்குக் கிடைக்கும் நல்ல துணை பக்கத்து இருக்கையில் இருக்கிறது. பழைய முத்துக்குளிப்பை இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இடுப்பில் கயிறு, காலில் கல், மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகள் கிடக்கும் பாருக்கு இறங்கும் ஒருவர். படகில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர். மேலே நிற்பவர் மைத்துனராக இருப்பார் என்பார்கள். தங்கச்சியின் தாலி அவர் கையில் இருக்கும் கயிற்றில் தொங்குகிறது; அசட்டையாக இருக்க மாட்டார். கீழே இருப்பவர் ‘இன்னும் நாலு சிப்பி’ என்று ஆசைப்படலாம், மேலே இருப்பவருக்கு நேரம் தெரியும்.

கோ-பைலட்டின் வேலை அதுதான். கேப்டன் ஓடுதளத்தைத் தேடி இறங்கிக்கொண்டே இருக்கும்போது, எல்லை உயரம் வந்ததும் ‘கோ-அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மறுபடி மேலேறு, என்று சொல்ல வேண்டியவர் அவர். வயதிலும் அனுபவத்திலும் இளையவர், தலைமுறை தலைமுறையாகப் பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். அந்த வளர்ப்பை மீறிக் கேப்டனிடம் சத்தமாகச் சொல்லப் பழக்குவதற்கென்றே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. நம் ஊரில் அந்தப் பயிற்சிக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் தேவைப்படும்.

[பெட்டிச் செய்தி] விமானி ஆக...

பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்திருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, டிஜிசிஏ தேர்வுகள், குறைந்தது 200 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தால் 18 வயதில் வணிக விமானி உரிமம் கிடைக்கும். பயிற்சிச் செலவு அரைக் கோடி ரூபாய்க்குக் குறையாது. ஓட்டப்போகும் ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனிப் பயிற்சி உண்டு. கேப்டன் நாற்காலிக்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டோடு சம்பந்தப்பட்ட பழைய சாதனை ஒன்று: சென்னை அரசுக்காக வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை 1951இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தவர்கள் ஒரு தம்பதி. கேப்டன் வி.சுந்தரம், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று போற்றப்படும் உஷா சுந்தரம்.

காசு கொடுப்பவர்களுக்கு

தூத்துக்குடிக்கு இனி பெரிய ஜெட்கள் வரும். அவற்றில் வரப்போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போது இருக்கையின் தோல் எந்த நாட்டுத் தோல் என்று கேட்பதோடு இன்னும் சில கேள்விகளும் கேட்கலாம். இரண்டு விமானிகளும் எப்போது பணிக்கு வந்தார்கள்? வானிலை ஒத்துழைக்காவிட்டால் மதுரையா, திருவனந்தபுரமா? அங்கே கார் நிற்குமா? பறந்த மணி நேரத்துக்கு மட்டும் சம்பளமா, மாதச் சம்பளமா? பறந்தால்தான் காசு என்று இருக்கும் இடத்தில் ‘முடியாது’ என்ற சொல்லுக்கு விமானி தன் பையிலிருந்து விலை கொடுக்கிறார் என்று அர்த்தம்.

மாற்று ஊரில் கார் ஏற்பாடு செய்து வைத்த வாடிக்கையாளருக்கு விமானி உண்மையைச் சொல்லுவார். மேடையில் ஆள் காத்திருக்கிறது என்று அரை மணிக்கு ஒரு முறை நினைவூட்டுகிறவரிடம், ‘பார்க்கலாம் சார்’ என்பார். அந்தப் ‘பார்க்கலாம்’தான் ஆபத்து. தனி விமானத்துக்குக் கட்டும் லட்சங்கள் வேகத்துக்கான விலை என்று நினைக்கிறோம். வேகத்தை எஞ்சின் தந்துவிடும். மேகம் தாழ்ந்த ஒரு நாளில் விமானி கைபேசியை எடுத்து ‘இன்றைக்கு முடியாது சார்’ என்று சொன்னால், கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.